தானாக ஏறும் சீட்

"மூன்று கிலோ அதிகம்" என்றாள் விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும் பெண்.

லிஃப்ட்காரர் தராசைச் சந்தேகமாகப் பார்த்தார். பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். எட்டுப் பேர் ஏற வேண்டிய லிஃப்டில் பத்துப் பேர் ஏறிக்கொண்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்" என்று கெஞ்சியவர்களை ஈவிரக்கமில்லாமல் இறக்கிவிட்டவர். இப்போது அதே வார்த்தைகள் அவர் வாயிலிருந்தே வந்தன.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்களேன்."

அந்தப் பெண் அழகாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முடியாது என்றாள்.

அந்த அட்டைப் பெட்டிக்குள் இருந்தது ஒரு சைக்கிள். ஒரு மாதப் பயிற்சிக்குக் கம்பெனி அவரை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. அந்த ஊரில் எல்லோரும் சைக்கிளில் போனார்கள். பல் டாக்டரும் சைக்கிளில் போனார். அவரிடம் பல்லைக் கொடுத்தவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போனார். அதைப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் மனைவி பிசியோதெரபி படித்தவள். மகள் பிறந்தபின் மூன்று வருடம் வீட்டோடு இருந்தவளுக்கு, இப்போதுதான் ஒரு கிளினிக்கில் மாலை வேலை கிடைத்திருந்தது. ஆறரைக்கு டாண் என்று அங்கே இருக்க வேண்டும். அதற்கு லிஃப்ட்காரர் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து மகளைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அவரை ஏற்றி வரும் பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்று குசலம் விசாரித்துவிட்டு ஆறே முக்காலுக்குத்தான் வரும். அவர் ஊரில் இல்லாத இந்த ஒரு மாதம் மனைவியின் அக்கா வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அவளும் அவர் வந்த மறுநாளே கிளம்பிவிடுவாள்.

சைக்கிள் இருந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிடலாம். கடைசிச் சனிக்கிழமை பயிற்சி முடிந்த கையோடு கடைக்குப் போனார். கறுப்பு நிறம், கியர் ஏழு. சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன நெம்பு. அதைத் திருப்பினால் சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஏறி உட்கார்ந்து பார்த்தார். கால் தரையில் சொன்னபடி கேட்டு நின்றது. வாங்கிவிட்டார்.

இப்போது மூன்று கிலோவைக் குறைக்க வேண்டும். பெட்டியைப் பிரித்துப் பெடல் இரண்டையும் சங்கிலியையும் எடுத்தார். அப்படியும் அரைக் கிலோ இடித்தது. மனைவி கேட்டிருந்த ஒரே ஒரு பொருளான ரெயின்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பெடலையும் சங்கிலியையும் அதன் பைகளில் போட்டுக்கொண்டார்.

தராசு சம்மதித்தது. அடுத்த வாசலில் இருந்த சோதனைக்காரர் சம்மதிக்கவில்லை.

"பையில் என்ன?"

"சங்கிலி."

"எதற்கு?"

"சைக்கிளுக்கு."

"சைக்கிள் எங்கே?"

"அது முன்னாடியே போயிடுச்சு."

சோதனைக்காரர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ரெயின்கோட்டைக் கழற்றினார்கள், பெல்ட்டைக் கழற்றினார்கள். பெடலை ஒரு மிஷினில் இரண்டு முறை படம் பிடித்தார்கள். விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்த பிறகுதான் விட்டார்கள். ஒரு கையில் பெடல், ஒரு கையில் சங்கிலி, பெல்ட் இல்லாத இடுப்பை முழங்கையால் பிடித்தபடி ஓடி ஏறினார்.

விமானம் மேலே கிளம்பியதும்தான் ரெயின்கோட் ஞாபகம் வந்தது.

"என்னங்க இது?" வீட்டு வாசலில் நின்ற பெட்டியைப் பார்த்து மனைவி கேட்டாள்.

"சைக்கிள்."

"ரெயின்கோட்?"

லிஃப்ட்காரர் நடந்ததைச் சொன்னார். நடுவே இரண்டு இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதை அங்க விட்டுட்டு, யாருமே கேக்காத இதைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

"உனக்காகத்தாம்மா வாங்கினேன். நான் ஆறு மணிக்கு வந்தாத்தானே நீ வேலைக்குப் போக முடியும்?"

"எனக்காகன்னு சொல்லாதீங்க. இதை நான் ஒரு விரலாலகூடத் தொட மாட்டேன்."

லிஃப்ட்காரருக்கும் ரோஷம் வந்தது. "நீ தொடவே வேணாம். வெளிநாட்டுச் சாமான், கண்டவங்க கை பட்டா கெட்டுப்போயிடும்."

மறுநாள் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்துச் சைக்கிளின் பாகங்களைப் பொருத்தினார். ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் விளங்கியது. அங்கே கடைக்குப் போனது பயிற்சிக்குக் கொடுத்த பாதுகாப்பு பூட்ஸோடு. அடி கனமான பூட்ஸ். உள்ளே குளிருக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் வேறு. ஊருக்குக் கிளம்பும்போது பூட்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இங்கே காலில் இருப்பது தேய்ந்த செருப்பு.

லிஃப்ட்காரர் குள்ளம் இல்லை. அவர் மனைவிதான் உயரம் என்பது அவர் கட்சி. கல்யாண போட்டோவில் அது தெரியாது. மாப்பிள்ளையின் காலடியில் இருக்கும் செங்கல்லை வேட்டி மறைத்திருக்கும்.

நெம்பைத் திருப்பிச் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினார். கட்டைவிரல் தரையைத் தொட்டது. போதும் என்று கிளம்பினார். அன்று ஐந்து ஐம்பத்தைந்துக்கே வீட்டு மணியை அடித்தார். சைக்கிளுக்கு ஒரு நம்பர் பூட்டும் போட்டிருந்தார். மகள் பிறந்த தேதிதான் நம்பர். உலகத்தில் ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் எண்ணம்.

முதல் வாரம் அப்படியும் மனைவி இரண்டு நாள் தாமதம். அவர் ஆறு மணிக்கு வந்தாலும், அவளுக்கான பஸ் வர வேண்டுமே. கிளினிக் டாக்டர் முகத்தைச் சுளித்தார். இரண்டாம் வாரத்திலிருந்து எப்படியோ எல்லாம் சரியாகிவிட்டது. நேரத்துக்குப் போனாள், முன்பைவிட அரை மணி சீக்கிரமே திரும்பினாள்.

"பஸ் இப்பல்லாம் ஒழுங்கா வருதா?"

"வருது" என்றாள் மனைவி, முகம் கழுவிக்கொண்டே.

"எல்லாம் சைக்கிளோட ராசி" என்றார் லிஃப்ட்காரர். அவள் துண்டால் முகத்தை நீண்ட நேரம் துடைத்தாள்.

அதே வாரம்தான் அந்தத் தொல்லை ஆரம்பித்தது. ஒரு நாள் காலை அவசரமாக ஏறி உட்கார்ந்தவர், கால் எட்டாமல் சைக்கிளோடு போய்க் குப்பைத் தொட்டியின் மேல் சாய்ந்தார். எழுந்து பார்த்தால் சீட் நாலு விரல் உயர்ந்திருந்தது.

இறக்கி வைத்தார். மறுநாள் காலை மறுபடியும் நாலு விரல். அதற்கு மறுநாளும் அப்படியே.

சைக்கிள் கடைக்காரரிடம் கொண்டுபோனார். அவர் நாற்பது வருடமாகப் பஞ்சர் ஒட்டுகிறவர். சைக்கிளைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

"சீட்டு இறங்குதுன்னு வருவாங்க. உங்களுது ஏறுதா?"

"ஆமா. ராத்திரி இறங்கி இருக்கு, காலையில ஏறி இருக்கு."

"ராத்திரி பார்த்தீங்களா?"

"சாயங்காலம் இறக்கித்தான் வெச்சிருந்தேன். அப்ப ராத்திரியும் இறங்கித்தானே இருக்கும்?"

கடைக்காரர் யோசித்தார். "குளிர் நாட்டுல செஞ்சது. அந்த ஊர்க் காத்து குழாய்க்குள்ள மாட்டியிருக்கு. இங்க சூட்டுக்கு விரியுது, சீட்டை மேல தள்ளுது."

லிஃப்ட்காரருக்கு அது அறிவியலாகவே பட்டது. வேடிக்கை என்னவென்றால், வெளிநாடு போவதற்குக் கொஞ்சம் முன்புதான் ஓர் அம்மாள் அவரிடம், "எங்க லிஃப்ட் தானா மேல போகுது சார், ஏதோ காத்து கருப்பு" என்று பயந்தபோது, "தானா எதுவும் மேல போகாதும்மா. மேல இருக்கிற யாரோ கூப்பிட்டிருப்பாங்க" என்று சிரித்தவர் அவர். அந்தப் புத்தி லிஃப்டோடு நின்றுவிட்டது.

காற்றை வெளியேற்றக் குழாயில் ஓர் ஓட்டை போட்டார்கள். அன்று மழை பெய்தது. ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து, மறுநாள் சாலை முழுக்கச் சைக்கிள் ஒழுகிக்கொண்டே போனது. சீட் அப்போதும் நாலு விரல் ஏறித்தான் இருந்தது.

மனைவியின் நகப்பூச்சை எடுத்துச் சீட் தண்டில் ஒரு கோடு போட்டார். காலையில் கோடு நாலு விரல் மேலே இருந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. துணி கட்டினார், கம்பி சுற்றினார். காலையில் துணி மடித்து வைத்திருந்தது; கம்பி நேர்த்தியாகச் சுருட்டிச் சைக்கிள் கூடைக்குள் போட்டிருந்தது. இவ்வளவு பொறுப்பான காற்றை அவர் பார்த்ததே இல்லை.

"என் நகப்பூச்சை எதுக்கு எடுத்தீங்க?" என்று மட்டும் மனைவி கேட்டாள்.

கடைசியில் பொறுமை எல்லை தாண்டியது. ஒரு திங்கட்கிழமை வெல்டிங் பட்டறைக்குப் போய், சீட்டை அடிமட்டத்தில் வைத்துச் சுற்றிலும் பற்றவைத்துவிட்டார்.

"இனிமே பூகம்பமே வந்தாலும் ஏறாது" என்றார் பட்டறைக்காரர்.

ஏறவில்லை. செவ்வாய் காலை சீட் வைத்த இடத்தில் இருந்தது. லிஃப்ட்காரர் சீட்டியடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

ஆனால் வீட்டில் வேறொன்று கெட்டுப்போனது. திங்கட்கிழமையே மனைவி கிளினிக்குக்குத் தாமதம். செவ்வாயும் தாமதம். திரும்பி வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்காலிலும் தைலம் தேய்த்தாள். ஊரார் முட்டியெல்லாம் சரி செய்கிறவள் தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"என்னம்மா, பஸ்ல உக்கார இடம் கிடைக்கலையா?"

"இடம் கிடைச்சுது. கொஞ்சம் குறுகலா இருந்துது."

"டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"இன்னும் ஒரு நாள் லேட்டானா வேற ஆளைப் போட்டுக்குவாராம்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. முதல் சம்பளத்தில் மகளுக்குச் செருப்பு வாங்கி வந்த அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை.

"நாளைக்கு நான் அஞ்சரைக்கே வந்துடறேன். நீ பொறுமையாப் போகலாம்."

அவள் அவரைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "ரொம்ப வேகமா ஓட்டாதீங்க" என்றாள்.

புதன்கிழமை மேலதிகாரியிடம் இல்லாத பல்வலியைச் சொல்லிவிட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஐந்து முப்பத்தெட்டுக்கு வீட்டுக்கு வந்து நின்றார். மகளை வாங்கிக்கொண்டார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினாள். அப்பாடா என்று உட்கார்ந்தார்.

ஆறேகால் இருக்கும். சாப்பாட்டு டப்பாவைச் சைக்கிள் கூடையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

சைக்கிளைக் காணோம்.

நம்பர் பூட்டு மட்டும் கம்பியில் சமர்த்தாகத் தொங்கியது. லிஃப்ட்காரர் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சைக்கிள் போனதைவிட, நாளைக்கு ஆறு மணிக்கு எப்படி வருவது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. அவள் வேலை போய்விடும். ரெயின்கோட்டையும் தொலைத்து, சைக்கிளையும் தொலைத்து, கடைசியில் அவள் வேலையையும் தொலைத்தவன் என்று பேர் வாங்கப் போகிறார்.

"திருடன்! திருடன்!" என்று கத்தினார். மகளுக்கு அது பிடித்துப்போய் அவளும் சேர்ந்து கத்தினாள்.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் பதறி ஓடி வந்தார். அவர் ராத்திரி வாட்ச்மேன். போன மாதம்தான் சேர்ந்தவர். மாலை ஆறுக்கு வந்து காலை ஆறுக்குப் போய்விடுவார். லிஃப்ட்காரர் அவரை அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறார்.

"எங்கேய்யா திருடன்?"

"இங்க ஒரு கறுப்புச் சைக்கிள் இருந்ததே! யாரோ அடிச்சிட்டுப் போயிட்டான்!"

"அதுவா?" வாட்ச்மேன் மூச்சு விட்டார். "யாரும் அடிக்கல சார். அது மூணாவது மாடி பிசியோ அம்மா வண்டி. தினமும் அதுலதான் கிளினிக் போறாங்க. இன்னிக்குச் சீக்கிரமே கிளம்பிட்டாங்களாம், நான் வர்ற வழியில பார்த்தேன், முட்டி ரெண்டும் ஹேண்டில்பார்ல இடிக்க இடிக்க கிளினிக் வாசல்ல போய் இறங்கினாங்க."

லிஃப்ட்காரர் மகளை இன்னொரு பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

வாட்ச்மேன் அவர் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா நீங்க சொன்னதுலயும் விஷயம் இருக்கு சார். பகல்ல எவனோ ஒரு குள்ளன் அந்த வண்டியைத் திருட்டுத்தனமா ஓட்டிட்டுப் போயி, தினமும் அந்த அம்மா ஏத்தி வைக்கிற சீட்டை இறக்கி இறக்கி வெச்சிடறான். இப்ப வெல்டிங்கே அடிச்சிட்டான். யாரும்மான்னு கேட்டா அவங்க சிரிக்கிறாங்களே தவிர சொல்ல மாட்டேங்கறாங்க. ஆள் மட்டும் கையில மாட்டட்டும், நீங்களும் வந்து நாலு போடுங்க!"