மாநிறத்துக்குச் செம்பு பார்டர்

ஆரணி,
ஆவணி மாதம், திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் உதவியாசிரியர்களும் அச்சகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இக்கடிதத்தின் பொருள் மாறப் போவதில்லை. இங்கு அனைவரும் நலம், ஒருவரின் தலை நீங்கலாக.

நான் வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். ஒளியியல் என் பாடம். ஆதாரத்தைச் சரிபாராமல் ஒரு வரிகூட எழுதுவது என் வழக்கமன்று என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் மாத இதழில் வெளிவந்த ‘மாநிறத்தவருக்கு மெருகூட்டும் கூந்தல் வண்ணங்கள்’ என்ற பக்கத்தைப் பல் மருத்துவரின் வரவேற்பறையில், கடைவாய்ப்பல் ஒன்றை இழப்பதற்காகக் காத்திருந்த வேளையில் படிக்க நேர்ந்தது. வரவேற்பாளரின் அனுமதியுடன் அப்பக்கத்தை நானே கத்தரித்து எடுத்துவந்தேன். ஒரு பல்லை விட்டுச்செல்பவர் ஒரு தாளை எடுத்துச்செல்வது நியாயமே என்று அப்பெண்ணும் கருதியிருக்கக்கூடும். அந்தத் தாளால் விளைந்தவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே இக்கடிதத்தின் நோக்கம்.

என் தம்பி தனகோடி, நெசவாளர்களுக்கு நூல் கொடுத்துப் பட்டுச் சேலை வாங்கி விற்பவன். மனைவியை இழந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நிறம், மாநிறம், அதை இதற்குமேல் நுட்பமாக வரையறுக்க முயன்றவர்கள் அனைவரும் இக்கடிதத்தில் பின்னர் வருகிறார்கள். இளமை கழிந்த நாள்முதல் அவன் தலைக்குக் குடைத் துணியின் கறுப்பைப் பூசிவந்தான். அண்மையில் நெற்றி தடித்து, காதோரம் அரிப்பெடுத்து, தோல் மருத்துவர் அந்த மையை அறவே தடைசெய்தார். முடி வெட்டினால் வழுக்கை வெளிப்பட்டுவிடும் என்பதால் வெட்டிக்கொள்ளவும் மறுத்தான். ஆகவே அடியில் விரற்கடை அளவு வெள்ளையும் அதற்குமேல் பழைய கறுப்புமாக நடமாடிவந்தான். இந்நிலையில்தான் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் அவன் மகள் நிலா, தந்தைக்கு வரன் பார்த்துவிட்டாள். மகள்கள் தந்தையருக்கு வரன் பார்க்கும் காலம் இது. நான் அதை ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. பெண்ணின் பெயர் ஹேமலதா. சேவூரைச் சேர்ந்தவர், கணவரை இழந்தவர், ஐம்பதைக் கடந்தவர், கூட்டுறவுச் சங்கக் கடையொன்றில் பட்டுச் சேலை விற்பவர். புகைப்படங்கள் பரிமாறப்பட்டன. தனகோடி அனுப்பிய பழைய படத்தில் அவன் தலை முழுக் குடைக் கறுப்பாக இருந்தது. அவர் படத்தை அவன், கைபேசியில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பவன்போல அடிக்கடி எடுத்துப் பார்த்தான். நான் கவனிக்கவில்லை என்பது அவன் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை அவர் தம் தம்பியுடன் நேரில் வருவதாக முடிவானது. அப்படி முடிவான அன்றே சாப்பாட்டின்போது தனகோடி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“அக்கா, நெலாவுக்காகத்தான் ஒத்துகினேன். ஆனா இப்போ எனக்கே வேணும்போல இருக்குது. அவங்க வேணாம்னு எழுந்து போயிட்டா, இன்னொரு தபா ஒருத்தங்க முன்னாடி போய் உக்கார்ற தெம்பு எனக்கு கெடையாது. இதான் மொதலு, இதான் கடைசி.”

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனவே தங்கள் பக்கத்தை எடுத்துக்கொடுத்தேன்.

அப்பக்கம் முதலில் மணிக்கட்டு நரம்பைப் பார்க்கச் சொல்கிறது. பச்சையாகத் தெரிந்தால் ஒருவகை மாநிறம், நீலமாகத் தெரிந்தால் வேறுவகை. எளிய சோதனைதான், ஆனால் அதைப் பட்டு நெசவூரில் செய்யக்கூடாது என்று தாங்கள் ஓர் அடிக்குறிப்பு தந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் நிறம் பற்றிய எந்தக் கேள்வியும் தனிமனிதர் விவகாரம் ஆகாது. வீட்டில் வெளிச்சம் போதவில்லையென்று தனகோடி வாசலுக்கு வந்து மணிக்கட்டை நீட்டினான். அப்போது சாயப்பட்டறைச் சடையன் வந்தார், எதிர்வீட்டு ராஜம்மாள் வந்தாள், பேருந்துக்குப் போய்க்கொண்டிருந்த இருவர் பேருந்தை விட்டுவிட்டு வந்தார்கள். ராஜம்மாள் பச்சை என்றாள். பேருந்தைத் துறந்தவர்கள் நீலம் என்றார்கள். சடையன் மணிக்கட்டை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பளித்தார்:

“பச்சையும் இல்ல, நீலமும் இல்ல. இது மயில் கழுத்து.”

தங்கள் பக்கத்தில் மயில் கழுத்துக்கு வழிகாட்டுதல் இல்லை.

பிறகு நிகழ்ந்தது விளங்க எங்கள் வழக்கமொன்றைச் சொல்ல வேண்டும். இங்கே மணப்பெண்ணுக்குச் சேலை நிறம் தேர்வது நிற அட்டையைப் பார்த்தன்று; சாயமேற்றிய பட்டு நூல் கற்றைகளை அவள் கையின்மேல் ஒவ்வொன்றாகப் போட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான். சடையன் பட்டறையிலிருந்து ஒரு மூட்டை கற்றைகளைக் கொண்டுவந்தார். அறுபதைத் தாண்டிய என் தம்பி வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்க, அவன் தலையில் அரக்கு, காப்பிக்கொட்டை, வெங்காயச் சருகு, மாம்பழம் என்று ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தலையில் மாம்பழ நிறம் இருந்தபோது பால்காரர் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

“முகந்தான் ஒடம்பு, முடிதான் பார்டரு,” என்றார் சடையன். “ஒடம்பு காப்பி கலருன்னா பார்டரு எடுப்பா இருக்கணும். கிளிப்பச்ச போடு, தூக்கிக் குடுக்கும்.”

“கிளிப்பச்சையா?” என்றாள் ராஜம்மாள். “பொண்ணு பாக்க வர்றாங்களா, கொய்யா மரம் பாக்க வர்றாங்களா?”

“நீ சும்மா இரும்மா. ஆரணிப் பொடவையில காப்பிக்கு கிளிப்பச்ச பார்டரு எத்தினி போயிருக்குது தெரியுமா?”

“பொடவைய மடிச்சி பீரோவுல வெக்கலாம். இவரு தலைய எங்க வெக்கிறது?”

நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. முடி பார்டர் அன்று, முகம் உடலும் அன்று, தங்கள் பக்கம் ‘செம்பு கலந்த பழுப்பு’ மாநிறத்தவர் முகத்துக்கு வெம்மையூட்டும் என்று தெளிவாகக் கூறுகிறது, ஆகவே அதையே பூசுவோம் என்றேன். அச்சில் வந்ததால் அனைவரும் கட்டுப்பட்டார்கள். செம்பு நிறத்தைப் பட்டறையிலேயே செலவில்லாமல் காய்ச்சித் தருவதாகச் சடையன் சொன்னார். கொதிக்கும் தொட்டியில்தான் அச்சாயம் பிடிக்கும் என்பதை அவரே நினைவுகூர்ந்ததால் அத்திட்டம் கைவிடப்பட்டது.

சனிக்கிழமை, பேருந்து நிலையத்தருகே அழகு நிலையம் நடத்தும் சுகன்யாவிடம் சென்றோம். முந்தைய நாளே அவள் செம்பு நிறத் தலைச்சாயத்தைத் தனகோடியின் காதுக்குப் பின்னால் சிறிது தடவி, தடிப்பேதும் வராததை உறுதிசெய்துகொண்டிருந்தாள். விவரமான பெண். அவள் தொழிலுக்குள் நாங்கள் புகாதிருந்திருந்தால் இக்கடிதமே எழுதப்பட்டிராது. ஆனால் துணைக்குச் சடையனும் வந்திருந்தார். பட்டு, ஈரத்தில் கறுத்துத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். அதனால் தொட்டியில் இருக்கும்போதே வேண்டியதற்கு ஒரு படி கூடுதலாக ஏற்றிவிடுவது சாயக்காரர் வழக்கம்.

“அங்கிள், டைம் ஆயிடிச்சி, அலசிடலாம்,” என்றாள் சுகன்யா.

சடையன் தனகோடியின் தலையிலிருந்து நான்கு முடியைத் துடைத்து, வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தார். “இன்னாம்மா ஜல்தி? காஞ்சா எறங்கிடும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும்.”

“ஐயா, இது முடிங்க. பட்டு இல்ல.”

“புழு குடுத்தா பட்டு, மனுசன் குடுத்தா முடி. இன்னா பெரிய வித்தியாசம்? நீங்க சொல்லுங்க டீச்சரம்மா.”

இரண்டும் புரதம் என்ற அளவில் அவர் கூற்று சரியே என்றேன். அவ்விடத்தில் நான் பேசாமலும் இருந்திருக்கலாம். பேராசிரியையே சொல்லிவிட்டார் என்று சுகன்யா கையைக் கட்டிக்கொண்டாள். சாயம் ஏறிக்கொண்டே இருந்தது.

அலசித் துவட்டினாள். வெள்ளை முடி செம்பை அப்படியே குடித்துவிட்டது. பழைய கறுப்பு எதையும் ஏற்கவில்லை. விளைவாக, அடியில் ஒரு விரற்கடைக்குப் புதிதாகப் புளிபோட்டுத் துலக்கிய செப்புக்குடத்தின் பளபளப்பு. அதற்குமேல் ஒரே கறுப்பு. இரண்டும் சேரும் இடத்தில் கத்தியால் கீறியதுபோன்ற கோடு. முழு வெள்ளையாக இருந்த மீசை முழுச் செம்பாக ஆகியிருந்தது. முகத்துக்குப் பார்டர் தேடி அலைந்தோம். தலை தனக்குத் தானே உடலும் பார்டரும் நெய்துகொண்டுவிட்டது. சடையன் நெடுநேரம் பார்த்துவிட்டு, “பார்டரு சேர்ந்த எடம் சுத்தமா இருக்குது,” என்றார். அது ஆறுதலுக்காகச் சொன்னதன்று, உண்மையான வியப்பு.

உடனே மீண்டும் சாயம் தொட்டால் தோல் தாங்காது என்று சுகன்யா உறுதியாக மறுத்துவிட்டாள். நிலா காணொளி அழைப்பில் வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்பா, இங்க நெட்வொர்க் சரியில்லன்னு நெனைக்கிறேன், கலர் தப்பா தெரியுது,” என்றாள். சரியாகத்தான் தெரிகிறது என்று நான் விளக்கினேன். தலைவலி என்று சொல்லித் துண்டைக் கட்டிக்கொள்ளலாமா என்று தனகோடி கேட்டான். மீசைக்கும் தலைவலியா என்று கேட்டேன். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. காலையில் வெள்ளைச் சட்டை அணிந்து, துண்டு கட்டாமல், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான், தடுப்பூசிக்கு வந்தவனைப்போல.

ஹேமலதா வந்தார். தடித்த பின்னல், அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம், வெயிலில் மட்டும் மெல்லிய செம்மை காட்டுவது. எந்தச் சாயத்தையும் அறியாத இயற்கை நிறம் மாநிற முகத்துக்கு எவ்வளவு இசைகிறது என்பதற்கு இவரைவிடச் சான்று வேண்டியதில்லை என்று அப்போதே மனத்துள் குறித்துக்கொண்டேன். அவர் தம்பி தனகோடியின் தலையைப் பார்த்தார், உடனே சுவரிலிருந்த நாட்காட்டிக்குக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் அதையே படித்துக்கொண்டிருந்தார். ஹேமலதா மட்டும் பார்வையை எடுக்கவில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து அருகில் வந்தார்.

“கொஞ்சம் தலைய குனிங்க.”

தனகோடி குனிந்தான். அவர் விரலால் முடியைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். “தப்பா நெனைக்காதீங்க. எங்க கடையில பொடவைய உள்பக்கம் திருப்பிப் பாக்காம கையில எடுக்க மாட்டோம். பழக்கமாயிடிச்சி.”

“உள்ள எல்லாம் வெள்ளதாங்க,” என்றான் தனகோடி, தரையைப் பார்த்தபடி. “ஃபோட்டோல இருந்தது மை.”

“அது தெரியும். ஃபோட்டோல தல கறுப்பு, புருவம் வெள்ள. நாங்க பாக்கிற தொழிலே அதுதானுங்க.” அவர் மீண்டும் அமர்ந்தார். “இந்தக் கலர யாரு சொன்னது?”

கதவோரம் நின்ற சடையன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் கண்ணாடியைத் துடைத்தேன். தனகோடி எங்கள் இருவரையும் பார்த்தான்.

“நான்தாங்க. எனக்கா தோணிச்சி, நானே போய் பண்ணிகினேன்.”

ஹேமலதா தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவன் மீசையைப் பார்த்தார்.

“கலர் பாக்கத் தெரியல,” என்றார். “பரவால்ல, அத நான் பாத்துக்குவேன். பழிய தூக்கி அடுத்தவங்க தலையில போடத் தெரியாத ஆளா இருக்கீங்க. அது கடையில கெடைக்காது.” பிறகு தம்பியிடம், “காலண்டரத்தான் பாத்துகினு இருக்கியே, அப்படியே நல்ல நாள் ஒண்ணு பாரு,” என்றார்.

தனகோடி அப்போதும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. செம்பு பார்டர் மட்டும் சிறிது நடுங்கியது. ஒளி அலைவு என்று வைத்துக்கொள்கிறேன்.

முடிவு நன்மையாக அமைந்தது என்பதால் தங்கள் பொறுப்பு குறையாது. நரைத்த முடியும் முன்பே மை ஏறிய முடியும் ஒரே தலையில் இருந்தால் என்ன நேரும் என்பதைப் பற்றி அப்பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. மயில் கழுத்தைப் பற்றியும் இல்லை. இவ்வளவு துயரமும் நேர்ந்தது முற்றிலும் தங்கள் இதழின் கவனக்குறைவால் மட்டுமே. எங்கள் தரப்பில் எவ்விதத் தவறுமில்லை. தாங்கள் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டும். இயற்கை நிறமே மாநிறத்துக்கு மிக உகந்தது என்ற கருத்தையும், ஹேமலதாவின் கூந்தலைச் சான்றாகக் காட்டி, அதில் சேர்க்கலாம்.

தங்கள் இதழ் வளர்க. தங்கள் தலை எந்நிறத்ததாயினும் அந்நிறத்திலேயே நிலைக்க. தங்கள் இல்லத்துப் பெரியோருக்கு என் வணக்கமும், இளையோருக்கு ஆசியும், அழகுக் குறிப்பு எழுதியவருக்கு இவ்விரண்டில் எது பொருந்துமோ அதுவும் உரித்தாகுக.

இங்ஙனம்,
த. அபிதகுசாம்பாள், எம்.எஸ்சி.

பி.கு.: உறையை ஒட்டும் முன்பாக, நாள் குறிப்பது பற்றிப் பேச ஹேமலதா வந்தார். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நெடுங்காலமாகத் தங்கள் இதழைப் படித்துவருவதாகவும், இப்படியொரு பக்கம் அதில் வரவே இல்லை என்றும் சொன்னார். தாளை வாங்கித் திருப்பினார். அடியில் வேறொரு பத்திரிகையின் பெயர் இருக்கிறது. பல் மருத்துவரின் வரவேற்பறையில் அட்டையிழந்த அந்தப் பத்திரிகை தங்கள் இதழுக்குள் செருகப்பட்டிருந்திருக்க வேண்டும். மேலும், தம் கூந்தலின் காப்பிக்கொட்டை நிறம் தங்கள் இதழ் பரிந்துரைத்த சாயமே என்றும், மாதந்தோறும் தவறாமல் பூசிவருவதாகவும் தெரிவித்தார். ஆகவே மேற்கண்டவற்றில் என் பெயரும் ஊரும் தவிர எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் கடிதம் நன்றாக அமைந்துவிட்டதால் கிழிக்க மனமில்லை. அந்தப் பத்திரிகையின் ஆசிரியரைத் தாங்கள் அறிவீர்களாயின் அவருக்கு அனுப்பிவைக்கவும்.

“பேரு கூட பாக்காம யாரு இந்தப் பக்கத்த வெட்டினது?” என்று ஹேமலதா கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், “நான்தான்,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. தனகோடி அந்தப் பல் மருத்துவரின் படியைக்கூட மிதித்ததில்லை.