வௌவால் வேலைக்குச் சேர்ந்தவர்

ஆடி மாதம் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழு இருபது. வெயில் அதற்குள் முதுகைச் சுட்டது. மேற்கே கைக்குட்டை அளவில் ஒரே ஒரு மேகம். அய்யனார் காட்டின் வாசலில், உறுமிக்கொண்டிருந்த பொக்லைன் இயந்திரத்துக்கு ஏழடி முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். இரத்த அழுத்த மாத்திரைகூடப் போட்டிருக்கவில்லை. என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகத்திலேயே வௌவால் வேலைக்குத் தாமாகப் போய்ச் சேர்ந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கணக்கு எழுதியவன் நான். அவர் அங்கே சூளையில் பொம்மை அடுக்குகிறவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் பழந்தின்னி.

பேட்டைக்குப் பின்னால் மூன்றரை ஏக்கரில் அய்யனார் கோயில் காடு. வீரை, பாலை, காசா, குருந்து என்று மழை பொய்த்த வருஷத்திலும் பச்சை மாறாத மரங்கள். அடியில் காரையும் சூரையுமாக முள் புதர். நடுவில் இருந்த பெரிய இலுப்பையில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். ஒரு திருவிழாவில் மரத்தடியிலேயே சரவெடி வைத்தார்கள். போன வௌவால்கள் திரும்பவில்லை.

"போனா போவட்டும்யா. நாத்தம் கொறைஞ்சுது" என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்க சார். பழத்தத் தின்னுட்டு கொட்டையத் தூரமாப் போடறது அதுங்கதான். தாய் மரத்துக்கு அடியிலயே வுழுந்தா ஒண்ணும் தேறாது. சதை ஒட்டிட்டு இருந்தா புழு வெச்சிடும். இப்ப அந்த வேலைக்கு ஆளு இல்ல. நான் பாத்துக்கறேன்."

மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டார். சைக்கிளில் வரும்போதே வீரைப்பழம் தின்று, கொட்டையைச் சப்பிச் சட்டைப் பையில் துப்பிக்கொள்வார். கொட்டையின் கனத்தில் பை தொங்கி, ஓட்டையாகி, அவர் போகும் வழியெல்லாம் விதை சிந்தும்.

தனி ஆளாக எவ்வளவு தின்ன முடியும்? டீ வேளையில் எங்களுக்கும் பழம் தருவார். இலவசம்தான். ஆனால் கொட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கணக்கென்றால் ஊரில் நான்தான் என்று நினைத்திருந்தேன்.

"சார், உங்களுக்குப் பதினாலு குடுத்தேன். பதிமூணு கொட்டதான் இருக்குது."

"ஒண்ணு உள்ள போயிடுச்சுய்யா."

"பரவால்லிங்க. நாளைக்குக் காலையில காட்டுப் பக்கமா ஒதுங்கிடுங்க. கணக்கு நேராயிடும்."

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை.

நாற்று வளர்க்கத் தொட்டி வாங்க அவரிடம் காசு கிடையாது. சூளையில் தலை உடைந்த பொம்மைகளைக் கழிவுக் குவியலிலிருந்து பொறுக்கி, கழுத்து வழியாக மண்ணை நிரப்பி விதை போட்டார். அவர் வீட்டு வாசலில் பொம்மைச் செட்டியார் உட்கார்ந்திருப்பார். தலை இருக்க வேண்டிய இடத்தில் காசாச் செடி. பக்கத்தில் வீணை வாசிக்கும் அம்மாளுக்குக் குருந்து. கன்று ஒரு முழம் வளர்ந்ததும் கோயில் காட்டுக்குப் போகும். ஆடு வாய் வைக்காத முள் புதராகப் பார்த்து நடுவார். பதினொரு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கன்றுகள். நானே போய் இரண்டு தடவை எண்ணினேன்.

அப்போதுதான் குடமுழுக்கு வந்தது. கோயில் தலைவர் காட்டைச் 'சுத்தம்' செய்ய முடிவெடுத்தார். பெரிய மரங்களை விட்டுவிட்டு, புதரை வழித்தெடுத்து டைல்ஸ் போடுவது. பழந்தின்னி போய் நின்றார்.

"பொதரு எடுத்தா கன்னெல்லாம் போயிடுங்க. பெரிய மரம் செத்தா பொறவு ஏறி வர ஆளு வேணாமா?"

"அட போய்யா. பொதருல பாம்பு இருக்குது."

"பாம்பு நம்மளுக்கு முன்னாடியே குடியிருக்குதுங்க."

அவர் பேச்சு எடுபடவில்லை. வெள்ளிக்கிழமை காலை இயந்திரம் வரும் என்றார்கள். வியாழன் மதியம் அவர் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். பதினொரு வருஷத்தில் அன்றைக்குத்தான் வாயில் பழம் இல்லாமல் அவரைப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அய்யனாருக்குக் காவலாளி பொம்மை நேர்ந்து வைத்துவிட்டால், வைத்தவரைத் தவிர வேறு யாரும் அதை அசைக்கக் கூடாது. ஆனால் பொம்மை ஊனமில்லாமல் இருக்க வேண்டும். சொந்தக் காசில் வாங்கியிருக்க வேண்டும். தலையில்லாத செட்டியார் செல்ல மாட்டார்.

ஸ்டோரில் போலீஸ்காரர் பொம்மை இருநூற்று முப்பது கிடந்தது. வர்ணம் தீட்டுகிறவருக்குக் கழுத்து சுளுக்கிய வாரத்தில் செய்தது. அத்தனை பேருக்கும் மீசை ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கியிருக்கும். விலை போகவில்லை.

"சார், என்கிட்ட காசில்ல. நீங்க நேர்ந்துகிட்டா உண்டு" என்றார்.

"எனக்கு என்னய்யா வேண்டுதல்?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே ரசீது எழுதினேன். தள்ளுவண்டியில் எட்டு நடை. ஏழு நடைக்கு இருபத்தேழு, கடைசி நடைக்கு இருபத்து மூன்று. விளக்கு வைப்பதற்குள் ஒவ்வொரு கன்றின் காலடியிலும் மஞ்சள் குங்குமத்தோடு ஒரு போலீஸ்காரர் நின்றார்.

காலையில் வந்த ஓட்டுநர் புதருக்குள் எட்டிப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கோணல் மீசைகள் அவரைப் பார்த்தன. இறங்கிவிட்டார்.

"நான் புள்ளக்குட்டிக்காரன். என்னால ஆவாதுங்க."

தலைவர் கொதித்தார். "எவன்யா இவ்ளோ போலீசு வெச்சது?"

பழந்தின்னி என்னைக் கை காட்டினார். தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களா சார்? சரி, நீங்களே எடுத்துடுங்க. என்னா வேண்டுதலு அப்பிடி?"

அப்போது மணி ஏழு இருபது. எடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். பழந்தின்னி என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் ஒரு கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு நேராவணும்னு வேண்டிக்கிட்டேங்க. இன்னும் பலிக்கல. பலிக்காம எடுக்கக் கூடாது" என்றேன்.

"உங்க கணக்கு தப்புனதே இல்லன்னு ஊரே சொல்லுது?"

"ஒரே ஒரு கொட்டையில தப்பிடுச்சுங்க. அதுக்குத்தான் இத்தனை பொம்மை."

தலைவர் என்னையும் காட்டையும் மாறிமாறிப் பார்த்தார். சன்னதிக்கு முன்னால் மட்டும் டைல்ஸ் போட்டுவிட்டுப் போனார்கள். கன்றுகள் இப்போது என் தலைக்கு மேலே. போலீஸ்காரர்கள் சருகுக்குள் இடுப்பளவு புதைந்து நிற்கிறார்கள்.

போன தை மாதம் பழந்தின்னி போய்ச் சேர்ந்தார். வைகாசியில் காட்டுக்குப் போய் எண்ணினேன். இருநூற்றுப் பதிமூன்று வந்தது. மறுபடி எண்ணினேன். அதேதான். அவர் சைக்கிள் நிறுத்தி வந்த இடத்தில், யாரும் நடாத ஒரு வீரைக்கன்று. சட்டைப் பை ஓட்டையின் வேலை.

ஸ்டோரில் மிச்சம் கிடந்த பதினெட்டும் எப்போதோ உடைந்துபோயின; கம்பெனியில் அந்த அச்சும் இப்போது இல்லை. கடை கடையாகத் தேடினேன். போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் நேர் மீசை. ஒன்றை வாங்கி வந்து நானே ஒரு பக்க மீசையை இறக்கி வரைந்தேன். கன்றின் காலடியில் நிறுத்தும்போது, "கணக்கு நேராயிடுச்சுய்யா" என்றேன்.

அன்றைய பொம்மைகள், ஒன்பது ரூபாய் வீதம் இருநூற்றுப் பன்னிரண்டு: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு. இந்தப் பொம்மை நாற்பது. கறுப்பு வர்ணம் பன்னிரண்டு. ஆக மொத்தம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்.