ஒற்றைக் கைக் கள்ளி

படக்கடை உறையைப் பிரித்த சிவபாதம் முதல் படத்தைப் பார்த்தார். அரிசோனாப் பாலைவனத்தின் நடுவே பூமாலையோடு ஒரு பெண்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த படத்தில், டெக்சாஸ் நெடுஞ்சாலையில் நின்ற அவருடைய பழைய காருக்கு ஐந்து பெண்கள் ஆலாத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சருங்கோ, ஏன் பேயடிச்ச மாதிரி நிக்கிறியள்?" மனைவி இராஜேஸ்வரி படங்களை வாங்கிப் பார்த்தாள். "இது தங்கச்சியின்ரை மகள் அட்சயா பெரியபிள்ளையான சாமத்திய வீடெல்லோ?"

"ஓம். அந்தப் பிலிம்தான். புதுசெண்டு நினைச்சுக் கமராவிலை திருப்பிப் போட்டிட்டன்."

"அப்ப அவளின்ரை படமும் போச்சு, எங்கடை படமும் போச்சு."

"ஒண்டும் போகேல்லை. எல்லாம் இருக்கு. ஒண்டுக்கு மேலை ஒண்டாய்."

அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுபத்தோராம் ஆண்டு, கலியாணம் முடித்த புதிதில், சிவபாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு மோட்டார் சாமான் கடையில் வேலை செய்தார். அங்கே கிடைத்த அமெரிக்கக் கலண்டரில் யூலை மாதத் தாளில் இருந்தது அறுபத்தாறாம் நெடுஞ்சாலை. யூலை முடிந்தும் இராஜேஸ்வரி அந்தத் தாளைத் திருப்ப விடவில்லை. மார்கழி வரைக்கும் அவர்கள் வீட்டில் யூலைதான். "ஒருநாள் உந்த றோட்டாலை உம்மைக் கூட்டிக்கொண்டு போறன்," என்றார் அவர்.

அதற்குப் பிறகு வீடு போனது, கலண்டர் போனது. சொன்ன சொல் மட்டும் கூடவே ரொறன்ரோவுக்கு வந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து, போன மாதம்தான், சிக்காகோவிலிருந்து மேற்குக் கடல் வரைக்கும் இருவரும் போய்வந்தார்கள்.

போனதை நம்ப ஆள் வேண்டுமே. சென் ஜேம்ஸ் ரவுணில் அவர்கள் இருந்த கட்டடத்தில், அதே பதினாறாம் மாடியில் இருந்த அருள்நாயகம், ஐந்து வருடத்துக்கு முன்பே அந்த றோட்டால் போய்வந்தவர். ஒரு மோட்டல் சுவர், ஒற்றைக் கைக் கள்ளி, பக்கத்தில் தான் என்று ஒரு படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருந்தார். "அமெரிக்கக் கள்ளிக்கு ஒரு கைதான்," என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். சிவபாதத்தின் பயணத்தைப் பற்றிக் கேட்டதும், "உந்த ஓட்டைக் காரிலையோ? நீ எல்லையிலை இருக்கிற பஃபலோவையே தாண்டியிருக்கமாட்டாய். படத்தைக் காட்டு, நம்புறன்," என்றுவிட்டார்.

"உண்மையைச் சொல்லுவம்," என்றாள் இராஜேஸ்வரி.

"எங்கடை வாழ்க்கையிலை நாங்கள் போன ஒரே பயணம். அதைப் பொய்யெண்டு கட்டடம் முழுக்கச் சொல்லுவார். பரவாயில்லையோ?"

தொலைபேசி அடித்தது. அருள்நாயகம். "படம் வந்திட்டுதோ?"

"ஓம் அண்ணை, நல்லா வந்திருக்கு," என்று சிவபாதத்தின் வாய் தானாகச் சொன்னது.

"அப்ப சனிக்கிழமை சாப்பாட்டுக்கே வாறம்."

ரொறன்ரோவிலேயே, கிங்ஸ்ரன் றோட்டில் ஒரு பழைய மோட்டலின் முன்னால் மரத்தால் செய்த கள்ளி ஒன்று நிற்பது சிவபாதத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை போனார்கள். கள்ளிக்கு இரண்டு கை. ஒன்றில் தகரப்பட்டி வைத்து ஆணி அடித்திருந்தது.

"நல்லதாப் போச்சு," என்றார். "அவரின்ரை கள்ளிக்கு ஒரு கை. இது வேறை இடமெண்டு நம்புவார்."

பாலைவனத்துக்கு ஏற்ற மெல்லிய சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் நின்றார். பக்கத்தில் நூல் சேலையில் அவள் நடுங்கினாள். நவம்பர் மாதம். நாயோடு நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கமராவை வாங்கிக்கொண்டார்.

"வெய்யிலுக்குச் சுருக்கிற மாதிரிக் கண்ணைச் சுருக்கும்," என்றார் சிவபாதம்.

"குளிருக்குத் தானாய்ச் சுருங்குது."

பெரியவர் படமெடுக்கும் நேரம் பார்த்துப் பனி தூறத் தொடங்கியது.

"உண்மையான பாலைவனத்திலை நிக்கேக்கை நான் என்ன செய்தனான், ஞாபகமிருக்கோ?" என்றாள் அவள், பல் அடிக்க.

"தண்ணிப் போத்தலை விட்டிட்டு வந்ததுக்குச் சண்டை பிடிச்சீர்."

"பேந்து?"

"பேந்து சூரியன் படுமட்டும் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் நிண்டீர்."

படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் பனி. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அதன் ஓரத்தில் ரொறன்ரோ பஸ் ஒன்று நின்றது. இராஜேஸ்வரி கத்தரிக்கோலால் பஸ்ஸை வெட்டினாள். பஸ்ஸோடு சிவபாதத்தின் வலது தோளும் போய்விட்டது.

"பனியை என்ன செய்யிறது?"

"மணல் காத்தெண்டு சொல்லும்," என்றார் அவர்.

சனிக்கிழமை அருள்நாயகமும் மனைவி வேரோனிக்காவும் வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அருள்நாயகம் அந்தப் படத்தை இடது கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தோள் எங்கே என்று கேட்கவில்லை. மணல் ஏன் வெள்ளை என்றும் கேட்கவில்லை.

"அங்கை பின்னேரத்திலை வானம் என்ன நிறம்?" என்றார் அருள்நாயகம்.

"நீங்கள் பாத்தனீங்கள்தானே அண்ணை."

"எண்டாலும் சொல்லன்."

இராஜேஸ்வரி சொன்னாள். "கொய்யாப்பழத்தைப் பிளந்த மாதிரி. கண்ணுக்கெட்டின தூரத்துக்கு வேறை ஒரு வாகனமும் இல்லை. இவர் காரை நிப்பாட்டிப்போட்டு, 'இராசேசு, இனி யூலைத் தாளைத் திருப்பலாம்' எண்டார்."

படம் பொய் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அருள்நாயகம் சோறு பிசைந்த கையோடு அப்படியே இருந்தார்.

"பேந்து?" என்றார், கதை கேட்கும் பிள்ளை போல.

அதற்குள் வேரோனிக்கா கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கணவரின் கையிலிருந்த படத்தை வாங்கினார். முகம் மலர்ந்தது.

"அட, உந்தக் கள்ளியின்ரை கையைத் திருப்பிப் பூட்டிப்போட்டாங்களே. அண்டைக்கு நாங்கள் படமெடுக்கேக்கை இவர் சாய்ஞ்செல்லோ உடைச்சவர்."