ஜாங்கிரியின் மடியில் ஒரு கரடி

ஒரு காட்டில், டவர் நன்றாகக் கிடைக்கும் கிழக்குச் சரிவில், பொற்கொடி என்றொரு கரடி இருந்தாள். அவளிடம் ஜாங்கிரி என்றொரு நாய் இருந்தது. பஞ்சுமிட்டாய்க்குக் கண்ணும் மூக்கும் ஒட்டினால் எப்படியோ, அப்படி.

ஜாங்கிரி மண்ணில் நடக்காது, அழுக்கு. புல்லில் நடக்காது, கூசும். தயிர்சாதம் சாப்பிடும், ஆனால் எதிரே யாராவது நின்று ஆட வேண்டும். நூற்றிருபது கிலோ பொற்கொடி தினம் மூன்று வேளை ஆடினாள். யாராவது "உங்க நாய்..." என்று வாயைத் திறந்தால் போதும்.

"நாயா? யாரு நாய்? அது எம்புள்ளை!"

பொற்கொடியின் ஒரே தம்பி மருதுவுக்குப் பக்கத்துக் காட்டில் கல்யாணம். தாலி கட்டும்போது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவான். மீதி இரண்டு முடிச்சு அவன் அக்காவுடையது, அதாவது பெண்ணுக்கு நாத்தனாருடையது. அந்த இரண்டு முடிச்சுக்காகப் பொற்கொடி ஒரு மாதமாகப் பாவாடை நாடாவில் பயிற்சி எடுத்தாள். அவள் போகாவிட்டால் பெரியப்பா மகள் அஞ்சுகம் போட்டுவிடுவாள். போட்டுவிட்டு முப்பது வருஷம் சொல்லிக் காட்டுவாள்.

முகூர்த்தம் பத்தரைக்கு. பேருந்து ஏழு மணிக்கு.

"மம்மி, நான் தனியா இருந்தா எனக்கு மூச்சு வாங்கும்" என்றது ஜாங்கிரி. ஆகவே அதுவும் கிளம்பியது.

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி இழுத்தது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! செல்லப்பிராணிக்குப் படிவம் நிரப்பாதவர்கள் வண்டியிலிருந்து இறக்கிவிடப்படுவார்கள். வண்டி நின்ற பிறகு."

கவுன்ட்டருக்குள் ஒரு நாரை இருந்தது. ஒற்றைக்காலில் நின்றபடி அரைத் தூக்கத்தில் பேசியது.

"மேல் கட்டத்துல உரிமையாளர் பேரு. கீழ்க் கட்டத்துல பிராணி பேரு. அடித்தல் திருத்தல் கூடாது."

பொற்கொடியின் பேனா நின்றது. "சார், பிராணின்னு போட்டிருக்கிற இடத்துல எம்புள்ளை பேரை எப்படி எழுதுவேன்? அது மனசு என்ன பாடுபடும்?"

"அதுக்குப் படிக்கத் தெரியுமா?"

"என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடும்."

ஜாங்கிரி ஏற்கெனவே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. கீழுதடு நடுங்கியது.

"மூணாவது கட்டம் ஏதாவது இருக்கா சார்?"

"ரெண்டுதான்."

வரிசையில் பின்னால் நின்ற காட்டுப்பன்றி கத்தியது: "ஏ அக்கா! வண்டி ஹாரன் அடிக்குது! எழுதுறியா, இல்ல கோலம் போடுறியா?"

பொற்கொடி கண்ணை மூடிக்கொண்டு மேல் கட்டத்தில் 'ஜாங்கிரி' என்று எழுதினாள். மிச்சமிருந்தது ஒரே கட்டம். அதில் தன் பெயரை எழுதினாள்.

நாரை நிமிரவேயில்லை. "பிராணிக்கு முடி கொட்டுமா?"

"கோடையில கொஞ்சம்."

"கடிக்குமா?"

"என் வீட்டுக்காரரை ஒரே ஒரு தடவை."

"தடுப்பூசி?"

"சின்ன வயசுல போட்டது."

டப்! ரப்பர் ஸ்டாம்ப் விழுந்தது.

பேருந்து வாசலில் கண்டக்டர் மந்தி அந்தத் தாளைப் படித்தார். ஒரு கயிற்றைப் பொற்கொடியின் கழுத்தில் மாட்டி, மறுமுனையை ஜாங்கிரியின் வாயில் கொடுத்தார்.

"ஜன்னல் சீட்டு உங்களுக்கு, ஜாங்கிரி மேடம். பிராணியை மடியிலதான் வெச்சுக்கணும். ரூல்ஸ்."

"யாரு மடியில?"

"உங்க மடியிலதான் மேடம்."

"தம்பி, இது தப்பு! நான்தான்..." என்று பொற்கொடி ஆரம்பித்தாள்.

"மேடம், உங்க பிராணி உறுமுது. கடிக்கும்னு வேற போட்டிருக்கீங்க. கொஞ்சம் அடக்குங்க."

இறங்கித் திருத்தலாம். திருத்தினால் வண்டி போய்விடும். வண்டி போனால் அஞ்சுகம் முடிச்சுப் போடுவாள். பொற்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பேருந்து கிளம்பியது. ஜன்னல் சீட்டில் ஒரு கரடி தெரிந்தது. கரடிக்குக் கீழே எங்கிருந்தோ "மம்மி... மம்மி..." என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"அய்யோ, செம க்யூட்!" என்று இரண்டு மான்குட்டிகள் ஓடிவந்தன. "ஆன்ட்டி, தொட்டுப் பார்க்கலாமா? இது பேரு என்ன? ராத்திரி உங்க கட்டில்லயே படுத்துக்குமா?"

ஜாங்கிரி கரடியின் இடுப்புக்கு அடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் பொற்கொடியின் வாயில் ஒன்பது பிஸ்கட் போயிருந்தது. யாரோ அவள் இடது காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார்கள். அவளுக்குப் பிறந்ததிலிருந்து யாரும் அப்படிச் செய்ததில்லை. அவள் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வலது காதையும் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

டீக்கடையில் வண்டி நின்றது. கண்டக்டர் ஒரு முறத்தை நீட்டினார்.

"மேடம், பிராணியை ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. ஏதாவது பண்ணிச்சுன்னா நீங்கதான் அள்ளணும்."

ஜாங்கிரி முறத்தைப் பார்த்தது. பொற்கொடியை ஏற இறங்கப் பார்த்தது. முறம் போதாது என்று தெரிந்ததும் அதற்குக் கண் இருட்டியது.

பத்து இருபத்தைந்துக்கு மண்டபம் வந்துசேர்ந்தார்கள். வாசலில் முள்ளம்பன்றி காவல்.

"பிராணிகள் வெளியே. உரிமையாளர் உள்ளே."

"நான் மாப்பிள்ளைக்கு அக்காடா!" என்று அலறினாள் பொற்கொடி.

முள்ளம்பன்றி தாளைத் தட்டிக் காட்டியது. "இதுல அப்படிப் போடலியே."

உள்ளே நாதஸ்வரம் வேகமெடுத்தது. மணவறைக்குப் பக்கத்தில் அஞ்சுகம் விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டு தயாராக நின்றாள். பொற்கொடி ஜாங்கிரியை உள்ளே தள்ளினாள்.

"ஜாங்கிரி! என் தங்கம்! ஓடிப்போய் மருதுகிட்ட அக்கா வாசல்ல நிக்குறேன்னு சொல்லுடி!"

ஜாங்கிரி தாளைக் கவ்விக்கொண்டு ஓடியது. சொல்லத்தான் ஓடியது. ஆனால் யாரோ பன்னீர் தெளித்தார்கள். யாரோ முன்வரிசை சோபாவில் தூக்கி வைத்தார்கள். வீடியோக்காரர், "மேடம், லைட்டா சிரிங்க" என்றார். சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

புகைக்குள்ளிருந்து மருது கேட்டான்: "அக்கா வந்தாச்சா?"

புரோகிதர் ஆடு தாளை வாங்கிப் பார்த்தது. பசியில் ஓரத்தைக் கொஞ்சம் தின்றது. "அக்கா வீட்டுப் பொறுப்பாளர் இவங்கதான். வாங்கோ நாத்தனாரே!"

"ஐயா, இது எங்க பொற்கொடியோட நாய்!" என்று துள்ளினாள் அஞ்சுகம்.

"ஸ்டாம்ப் இருக்கேம்மா. உங்ககிட்ட ஸ்டாம்ப் இருக்கா?"

அஞ்சுகத்திடம் ஸ்டாம்ப் இல்லை.

கெட்டிமேளம்! மருது ஒரு முடிச்சுப் போட்டான். ஜாங்கிரி பல்லால் இரண்டு முடிச்சுப் போட்டது. எச்சிலோடு, ஆனால் கெட்டியாக.

வாசலில் பொற்கொடி தரையில் புரண்டு அழுதாள். "என் முடிச்சு! என் ரெண்டு முடிச்சும் போச்சே!"

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு குண்டான் பால்பாயசம் கொண்டுவந்து வைத்தது. முள் படாமல் முதுகைத் தடவிக்கொடுத்தது. அழுகை பாதி ஊளையில் நின்றது. அஞ்சுகமும் போடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாயசம் இன்னும் இனித்தது.

உள்ளே பந்தி ஆரம்பித்தது.

"நாத்தனாரே, எங்க சித்தப்பாவுக்கு இலையே போடலை!"

"நாத்தனாரே, அப்பளம் நமுத்துப்போச்சு, யாரைக் கேக்குறது?"

"ஏன் நாத்தனாரே, பொண்ணு வீட்டுக்காரங்கன்னா இளப்பமா?"

மதியம் மூன்று மணிக்கு ஜாங்கிரி தாளோடு வெளியே வந்தது. உடம்பெல்லாம் சந்தனமும் சாம்பாரும். நான்கு காலாலும் மண்ணில் நடந்தே வந்தது.

"மம்மி, என்னால முடியல. பேரை மாத்திடலாம் மம்மி! நான் நாய்தான் மம்மி!"

முள்ளம்பன்றி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளின் பின்பக்கத்தைப் படித்தது. "திருத்தம் செய்யலாம். பிராணி சம்மதிச்சு இந்த இடத்துல கால்ரேகை வைக்கணும். அவ்வளவுதான்."

மைப்பெட்டி வந்தது. ஜாங்கிரி அதைப் பொற்கொடியின் முன்னால் தள்ளியது.

பொற்கொடி மைப்பெட்டியைப் பார்த்தாள். மண்டபத்துக்குள் பார்த்தாள். அங்கே பெண் வீட்டார் ஐஸ்கிரீம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் நான்கு கால்களையும் வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"லொள்" என்றாள்.

நீதி: படிவத்தில் மேல் கட்டத்தைப் பெருந்தன்மையாக அடுத்தவருக்கு விட்டுக்கொடுங்கள். பாயசம் கீழ்க் கட்டத்துக்குத்தான் வரும்.