போண்டாவா பூவா

"இனிமே பேனாவைத் தொட்டா நான் குஞ்சிதபாதமே இல்ல!"

காரைக்காலில் மின்துறையிலிருந்து ஓய்வு பெற்று, நாலு வருஷமாகக் கதை எழுதிவந்த மனிதர் அவர். பதினோராவது கதையும் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. நோட்டுகளைக் கட்டிப் பரணில் ஏற்றினார். மனைவி பங்கஜவல்லி ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து எறங்குங்க" என்றாளே தவிர, "எழுதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு ஆறவில்லை.

அதற்கப்புறம் பொழுது போகாமல் செய்தித்தாளில் ஏல அறிவிப்பைக்கூடப் படித்தார். ரசத்தில் பெருங்காயம் பற்றிக் கருத்துச் சொன்னார். முகம் வாடிப்போச்சு, பாவம். வெள்ளிக்கிழமை பங்கஜவல்லி அம்பகரத்தூர் அம்மனுக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணி. அடுப்படியில் அவள் போனும் காதுமாக நின்றாள்.

"கேளுடி சிவப்ரியா! கல்யாணமான ஒம்பதாம் நாளு அம்பகரத்தூர் கோயிலுக்குக் கெளம்புனோம். திருநள்ளாத்துல பஸ் நின்னுச்சு. உங்கப்பா போண்டா திங்க எறங்கிட்டாரு. பஸ்ஸு என்னை மட்டும் ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு!"

குஞ்சிதபாதம் பாய்ந்து வந்தார். "போண்டாவா? பூ வாங்கப் போனேன்டி!"

"போண்டான்னுதான் ஞாபகம்."

"ரெண்டு முழம் மல்லி! செருப்பு அறுந்து பஸ் பின்னாலயே ஓடினேன்!"

"எனக்குக் கோர்வையா சொல்ல வராதுங்க. ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. பிள்ளைக்கு அப்படியே படிச்சுக் காட்டுறேன்."

பெற்ற மகள் போண்டா என்று நினைக்கலாமா? பென்சிலை எடுத்தார். சபதம் பேனாவுக்குத்தானே!

மறுநாள், அவர் மின்கம்பத்தைப் பார்த்து மயங்கி விழுந்தார் என்றாள். அடுத்த நாள், தன் தம்பி செம்பியன் கல்யாணத்தில் ஒரு குண்டான் பாயசத்தைத் தனியாகக் காலி பண்ணினார் என்றாள். சிவப்ரியா பிறந்த அன்றைக்குக் குறட்டை விட்டுத் தூங்கினாராம். கொட்டுகிற மழையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்ற மனுஷன்! அன்றைக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம் எழுதினார். எழுதும்போதே கண் கலங்கியது.

இரண்டு நோட்டு நிரம்பியபோது தீபாவளி வந்தது. மகளும் வந்தாள்.

"உங்கம்மா போன்ல சொன்னதெல்லாம் பொய்ம்மா. உண்மை இதுல இருக்கு."

"எந்த போன்ப்பா? எட்டு மணிக்கு நான் ஆபீஸ் பஸ்ல தூங்கிக்கிட்டிருப்பேன். அம்மா சாயங்காலந்தான் பேசுவாங்க."

குஞ்சிதபாதம் மெதுவாகத் திரும்பினார். "அப்ப தெனமும் காலையில யாருகிட்டடி பேசுன?"

"உங்ககிட்டத்தாங்க." தோசையைத் திருப்பிப் போட்டாள். "எல்லாரும் புருஷன் கோவம் கொறையணும்னு வெளக்கு ஏத்துவாங்க. நான்தான், கொஞ்சம் கூட்டிக் குடு தாயேன்னு ஏத்துனேன்."

"அப்ப... பூதான்னு உனக்குத் தெரியும்?"

"ஒத்தைச் செருப்போட வந்து நீட்டுனீங்களே, மறக்குமா? ஆனா ஒண்ணரை முழந்தான்."

"ரெண்டு முழம்!"

"ஒண்ணரை."

குஞ்சிதபாதம் பென்சிலைத் தேடினார். அவள் அதை முன்னாடியே சீவி வைத்திருந்தாள்.