எல்லையில்லாத கரி

கருவி பழுது என்று முதலில் சொல்கிறவன் பெரும்பாலும் தன்னைப் பற்றித்தான் சொல்கிறான். இந்த உண்மையை அறிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுதும் ஒரு டீமேக்கரின் முகமும் செலவாயின.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே, மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகும் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் நான் உதவியாளன். கொழும்பில் விஞ்ஞானம் படித்துத் திரும்பிய தோட்டத்துப் பிள்ளை என்பதால், நான் பஸ்ஸில் ஏறினால் நாலு பேராவது எழும்பி இடம் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். (ஒருத்தரும் எழும்பல. கண்டக்டர் மட்டும் உள்ள தள்ளி நிக்கச் சொன்னாரு.)

கிழட்டுத் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட்ட காலம் அது. பிடுங்கிய கட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அவற்றைச் சுட்டு, வாடையையும் சாயத்தையும் உறிஞ்சும் கரியாக்கி விற்கலாமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. அப்படிப்பட்ட கரியின் மதிப்பு அதன் உள்ளே இருக்கிறது. நல்ல கரியில் ஒரு கரண்டி எடுத்து, அதிலுள்ள நுண்துளைகளின் சுவர்களை எல்லாம் பிரித்து விரித்தால் ஒரு பள்ளிக்கூட மைதானமே வந்துவிடும்.

அதை அடிக்கோல் வைத்து அளக்க முடியாது. கரியை ஒரு கண்ணாடிக் குமிழில் போட்டு, சூடாக்கி, பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றை எல்லாம் இழுக்க வேண்டும். பிறகு குமிழைத் திரவ நைட்ரஜனில் முக்கி, நைட்ரஜன் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். குளிரில் வாயு போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சுவரை ஒரே அடுக்காக மூட எவ்வளவு வாயு பிடித்தது என்று தெரிந்தால் சுவரின் பரப்பளவைக் கணக்குப் போட்டுவிடலாம். உள்ளே எவ்வளவு அமுக்கம் என்பதைப் பக்கத்துக் குழாயில் நிற்கும் பாதரசம் காட்டும்.

எங்கள் தலைவர் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசாதவர். அன்று காலை வெளியே போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

“தம்பி, நிரம்பல் அமுக்கத்திலை மூண்டில் ஒரு பங்கு வந்தோடனை நிப்பாட்டும். அதுக்கு மேலை எங்களுக்குத் தேவையில்லை. விளங்கினதோ?”

“விளங்கிச்சு, சேர்.”

நிரம்பல் அமுக்கம் என்பது வாயு ஒட்டுவதை விட்டுவிட்டுத் திரவமாகவே ஊற்றத் தொடங்கும் எல்லை. புத்தகத்தில் எழுநூற்று அறுபது மில்லிமீட்டர் பாதரசம் என்று போட்டிருந்தது. எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். எங்கள் சுவரில் தொங்கிய, காற்றின் அமுக்கத்தைக் காட்டும் பாரமானி மட்டும் நான் வந்த நாளிலிருந்து அறுநூற்று நாற்பதிலேயே நின்றது. தட்டிப் பார்த்தேன்; அசையவில்லை. ஒரு அட்டையில் ‘பழுது’ என்று அழகாக எழுதி, நூல் கட்டி, அதன் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

அன்று எனக்கு ஆராய்ச்சியைவிடப் பெரிய பரீட்சை ஒன்று இருந்தது. நோர்வூட் பஸ்ஸில், என் குடை தன் காலில் சொட்டுவதை ஹட்டன் வரைக்கும் பொறுத்துக்கொண்டு வந்த ஒரே பெண் மரகதம். தோட்டப் பாடசாலையில் டீச்சர். வீட்டில் சொல்லிக் கல்யாணப் பேச்சை எடுக்கவைத்துவிட்டேன். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பதம் பார்க்கும் அவளுடைய அப்பா ரெங்கசாமி டீமேக்கர், ஜாதகமெல்லாம் அப்புறம், முதலில் மாப்பிள்ளையின் வேலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அரைத்த தேயிலைக் கொழுந்து பதத்துக்கு வந்ததா என்பதைக் கையில் அள்ளி மூக்கில் வைத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத மனிதர். மாப்பிள்ளைக்கும் அதே முறைதான். எனக்கு முன்னால் வந்த ஒரு கிளாக்கரை, அவருடைய மேசையில் இழுத்து மூடும் லாச்சி சரியாக மூடவில்லை என்று தள்ளிவிட்டவர். அவர் வாயை மூடவைக்க நோர்வூட்டில் யாராலும் முடிந்ததில்லை.

வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, தடித்த கண்ணாடியோடு வந்து இறங்கினார். வந்ததும் குறை சொல்லத் தொடங்கினார். பாதை சரியில்லை. எங்கள் ஜன்னலில் கொக்கி சரியில்லை. என் மேசைக்கு ஒரு கால் குட்டை.

“சரி, நீங்க என்ன வேல பாக்குறீங்க தம்பி?”

“கரியோட பரப்பளவை அளக்குறேங்க.”

“கரியவா.”

“ஆமாங்க.”

“எத வச்சு அளப்பீங்க?”

“காத்த வச்சுங்க.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “எங்க பொண்ணு அஞ்சாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்குது” என்றார்.

நெற்றி வியர்த்தது. (அந்தக் குளிரிலயும்.) அவசரமாக அவருக்குத் தெரிந்த கதைக்குத் தாவினேன். கொழுந்து வாடவிடும் மாடியில் சாக்குத் தட்டுகள் இருக்கின்றன. கொழுந்தை ஒரே அடுக்காகப் பரப்புகிறோம். எத்தனை இறாத்தல் பிடித்தது என்று தெரிந்தால் தட்டு எவ்வளவு பெரிசு என்று சொல்லிவிடலாம் அல்லவா? இந்தக் கரிக்குள்ளும் தட்டு இருக்கிறது. கொழுந்துக்குப் பதில் காற்று.

“அப்புடிச் சொல்லுங்க” என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் உயிர் பாதி திரும்பியது.

வாயுவை விட்டேன். பாதரசம் ஏறியது, இறங்கியது, நின்றது. எழுதினேன். மறுபடி விட்டேன். மூன்றில் ஒரு பங்கு வந்தது. நிறுத்த வேண்டிய இடம். கையைத் துடைத்துக்கொண்டு, “முடிஞ்சிருச்சுங்க” என்றேன்.

அவர் கூரை வரை ஏறியிருந்த கண்ணாடிக் குழாய்களை மேலிருந்து கீழே பார்த்தார். “இம்புட்டுக் கண்ணாடிக்கு இம்புட்டுத்தான் வேலையா?”

மூடாத லாச்சி எனக்கு நினைவுக்கு வந்தது. குழாய்த் திருகை மீண்டும் பிடித்தேன்.

பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. அறுநூற்று நாற்பதை ஒட்டி வந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. வாயுவை விட்டேன், பாதரசம் சற்று ஏறி, தயங்கி, பழைய இடத்துக்கே இறங்கியது. இன்னொரு தடவை விட்டேன். அதே இடம். இன்னும் விட்டேன். விட்ட வாயு எல்லாம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எல்லைக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கிறது என்றது புத்தகம். என் வரைபடத்துக் கோடு செங்குத்தாக நிமிர்ந்து தாளைத் தாண்டிப் போகப் பார்த்தது. இன்னொரு தாளை எடுத்து ஒட்டினேன். உலகத்தில் எந்தக் கரியும் இப்படிக் குடித்ததாக நான் படித்ததில்லை.

“இன்னும் குடிக்குதா?” அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“குடிக்குதுங்க.”

“நிறுத்தாதா?”

“இதுக்கு எல்லையே இல்லீங்க ஐயா. நம்ம தோட்டத்துக் கட்டை.”

ரெங்கசாமி டீமேக்கர் சிரித்தார். அந்த நிமிடத்தில் என் மனதுக்குள் கல்யாணம் முடிந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் விட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார்:

“அந்தக் குடுவைய இறக்குங்க தம்பி. கண்ணால பாத்துக்கிறேன். பாக்காம நான் எதையும் பொட்டியில போட்டு அடச்சதில்ல.”

குமிழைச் சூழ்ந்திருந்த நைட்ரஜன் குடுவையைப் பாதியில் இறக்கக் கூடாது. இது எனக்குத் தெரியும். பார்வையாளரைத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். அதுவும் தெரியும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட வேண்டும். அது அலமாரியில் பத்திரமாக இருந்தது. குடுவையை இறக்கினேன்.

குமிழில் பூத்த உறைபனியை விரலால் துடைத்தேன். உள்ளே கரி மட்டும் இல்லை. கரிக்கு மேலே, பச்சைத் தண்ணீர் போல, ஒரு திரவம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. கடல் மட்டத்துக்கு எழுதிய புத்தகம் அது. இந்த உயரத்தில் காற்றே மெலிந்தது. இங்கே நிரம்பல் எல்லை அறுநூற்று நாற்பதுதான். பாரமானி முதல் நாளிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கரி எதையும் குடிக்கவில்லை. நான் விட்ட வாயுவெல்லாம் திரவமாகிக் குமிழுக்குள் தேங்கியிருந்தது. இப்போது அது அத்தனையும் வாயுவாகத் திரும்பி வரப்போகிறது.

பாதரசம் ஏறத் தொடங்கியது. இந்தத் தடவை தயங்கவில்லை. வாயுவை வெளியே விடும் திருகைப் பிடித்துத் திருப்பினேன். குளிரில் அதன் கிறீஸ் இறுகிப்போயிருந்தது, அசையவில்லை. குடுவையை மறுபடி தூக்கினேன். அதன் விளிம்பு சட்டத்தில் மாட்டிக்கொண்டது.

“ஐயா, தள்ளி நில்லுங்க.”

“ஏன் தம்பி?”

“கொஞ்சம் தள்ளி…”

தொழில் பழக்கம். அவர் மூக்கை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

குமிழின் கழுத்திலிருந்த கண்ணாடி அடைப்பு கழன்று பறந்து கூரைத் தகரத்தில் அடித்தது. அதைத் தொடர்ந்து கரி வந்தது. பாதரசம் குழாயின் உச்சியைத் தாண்டி, மணிமணியாகத் தரையெங்கும் ஓடியது. பிறகு பம்பின் சத்தம் மட்டும் கேட்டது.

ரெங்கசாமி டீமேக்கர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் இரண்டு வெள்ளை வட்டம் மட்டும் மிச்சம். வேட்டியிலிருந்து கோட்டு வரை எங்கள் தோட்டத்துக் கட்டை.

கனகசபை வாசலில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“காயம் ஏதும் இருக்கோ?”

“இல்ல, சேர்.”

“நிரம்பல் அமுக்கம் எவ்வளவு எண்டு எடுத்தனீர்?”

“எழுநூத்தி அறுபது, சேர்.”

“பாரமானியைப் பாக்கேல்லையோ?”

“அது பழுது, சேர்.”

“ஆர் சொன்னது?”

அட்டை சுவரில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. “நான்தான், சேர்.”

அவர் போய் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பாதரசத்தின் நச்சு ஆவியை அடக்க, அதன் மேல் தூவக் கந்தகம் எடுத்துவந்தார்.

ரெங்கசாமி டீமேக்கர் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைக் கழுவினார், குடையை எடுத்தார், பஸ்ஸுக்குப் போனார். அவர் பேசாமல் போனதுதான் எனக்குப் பெரிய தண்டனை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோர்வூட் கடைத்தெருவில் அவர் எதிரே வந்தார். ஒளிய இடம் தேடினேன். கருவாட்டுக் கடைதான் இருந்தது.

“நில்லுங்க” என்றார். “அன்னைக்கு வீட்டுக்குப் போயி நான் ராச்சாப்பாடு வரைக்கும் வாயத் தொறக்கல. எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு எங்க வீட்டம்மா அழுதுட்டாங்க. கடைசியா மரகதத்துக்கிட்ட நடந்ததச் சொன்னேன். அது என்னா சொன்னுச்சு தெரியுமா?”

தெரியாது என்று தலையாட்டினேன்.

“‘இத்தன வருசமா யாராலயும் அப்பா வாய அடைக்க முடியல. அவரு ஒரு காலையில அடச்சிட்டாரு. அவரையே பேசி முடிங்க’ன்னுருச்சு. எனக்கு இஷ்டமில்ல தம்பி. இத நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. ஆனா அது சொன்னாச் சொன்னதுதான்.”

கல்யாணப் பந்தியில் என் இலைக்கு அவரே பரிமாறினார். போதும் என்று கை மறித்தபோதெல்லாம், “ஊத்துங்கப்பா, மாப்பிள்ளைக்கு எல்லையே இல்ல” என்றார். பிற்பாடு ஒழுங்காக அளந்ததில் எங்கள் கரியின் பரப்பு மைதானத்தில் பாதிகூட வரவில்லை. கட்டைகள் அடுப்புக்கே போயின. கனகசபை தந்த பரிசுப் பொதியைப் பிரித்தோம். உள்ளே ஒரு வெள்ளித் தட்டு. தட்டின் மேல் ‘பழுது’ என்ற அட்டை, நூலோடு.

தட்டு எங்கே போனதென்று தெரியாது. அட்டையை மரகதம் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

போன மாதம் டவுன் கிளினிக்கில் டொக்டர் என் கையில் பட்டி கட்டி, காற்றடித்து, பாதரசத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவ்வளவு இரத்த அமுக்கம் எனக்கு இருக்க நியாயமில்லை. கருவி பழுதாக இருக்கலாம், ஒருமுறை தட்டிப் பாருங்கள் என்றேன்.

மரகதம் பக்கத்து நாற்காலியிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

“பழுதுன்னு சொல்லிட்டாரா? அப்ப சரியாத்தான் காட்டுது. நீங்க மருந்த எழுதுங்க டொக்டர்.”