பின்வாசலில் கேட்ட பியானோ

அர்ச்சுனன் திடுக்கிட்டுக் கண் விழித்தபோது துப்பாக்கி அவன் மடியில் குழந்தை மாதிரிப் படுத்திருந்தது. பங்களாவுக்குள் துரைசானி பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குமா!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

போர்டிக்சன் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவின் பின்வாசலுக்கு அவன்தான் காவல். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே ஊரடங்கு. காவல்காரன் தூங்கினான் என்று தெரிந்தால் காக்கிச் சட்டை அன்றைக்கே கழன்றுவிடும். மறுபடியும் பால்மரக் கத்தியைத் தூக்க வேண்டியதுதான்.

மத்தியானம் எப்போது கண் விழித்தாலும் காதில் அந்தப் பியானோ. குற்றவாளி யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"அக்கா, துரைசானியம்மா என்னா வாசிக்குது?" என்று சமையற்காரி பஞ்சாலையிடம் கேட்டான்.

"அம்மாவோட பியானோ புத்தகத்துல ஆறு துண்டு இருக்கு தம்பி. பாட்டுன்னாலும் வார்த்தையே கிடையாது. கண்ண மூடிக் கேட்டா ஒவ்வொண்ணுலயும் ஒரு காட்சி தெரியுமாம். இது, நிலா வெளிச்சத்துல ஏரியில படகு போறது."

"அதான்! ஆளத் தொட்டில்ல போட்டு ஆட்டுது லா!"

மறுநாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டான். படகு பஞ்சுக்குள்ளும் புகுந்ததோ என்னவோ, தூங்கிப்போனான். ரொட்டிக்கார முருகையா சைக்கிள் மணியை அடித்து அடித்து ஓய்ந்து, தானே கம்பிக் கதவைத் திறந்து ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஒன் தூக்கம் கலையக் கூடாதுன்னு மெதுவாத்தான் தாண்டுனேன்" என்றார் பிற்பாடு, பெருமையாக.

"படகு வேணாங்க்கா. நல்லா சத்தமா ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்க" என்று பஞ்சாலையிடம் தூது அனுப்பினான். துரைசானிக்கு ஏக சந்தோஷமாம்.

அடுத்த நாள் புயல் இறங்கியது. துரைசானியின் இடது கை இடித்தது, வலது கை கொட்டியது. தொழிலாளர் லயத்துப் பெண்கள் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினார்கள். அர்ச்சுனன் ஒருமுறை கண்ணைத் திறந்தான். மழை நேரத்துச் சுகம் உடம்பெங்கும் பரவ, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி சாய்ந்தான்.

"புயலும் வேணாம். ஓட்டமா ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. குதிரை வேட்டை. கனவில் அர்ச்சுனன் குதிரை ஏறினான், குதிரை துள்ளியது, அவன் முக்காலியோடு விழுந்தான். துப்பாக்கி வெடித்து ஓர் இளநீர் பொத்தென்று விழுந்தது. துரை இடுப்பில் துண்டும் கையில் பிஸ்டலுமாக ஓடி வந்தார்.

"யாரு?"

"பு... புதருக்குள்ள ஏதோ அசைஞ்சிச்சுங்க, துரை!"

துரை அவன் தோளில் தட்டினார். "நல்ல ஆளு! நாளைக்கு நீ என் ரூம் ஜன்னலுக்குக் கீழ நிக்கணும்."

அர்ச்சுனன் அடுப்படிக்கு ஓடினான்.

"அக்கா, ஜன்னலுக்குக் கீழ நின்னா பியானோ நேரா காதுலயே வந்து விழும். என் வேலை போயிடும். ஒரேயடியா நிப்பாட்டச் சொல்லுங்க!"

பஞ்சாலை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நிப்பாட்டினாத்தான் ஒன் வேலை போகும் தம்பி. நீ தூங்குனதும் ஒன் குறட்டை துரை காதுல விழுந்துடக் கூடாதேன்னுதானே அம்மா தினமும் அவசரமா ஓடி வந்து வாசிக்குது!"